இருபது வெள்ளிக்கு மூன்றாவது கை

மலேசியாவின் செமினியைச் சுற்றி ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம் பெரும்பாலும் தாமான்களாக, அதாவது குடியிருப்புப் பகுதிகளாக, ஆகிவிட்டது. மரம் மட்டும் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் வெட்டி விறகாக்கினார்கள். ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைவீட்டு அடுப்புக்கும் அது போனது. 1980களில் மரச்சாமான் தொழில் அந்த விறகைப் பிடித்துக்கொண்டது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரச்சாமான்களில் பெரும்பகுதி ரப்பர் மரம்தான். அதே மரம் துண்டு துண்டாக ஒட்டிய பலகையாக ஹார்ட்வேர் கடையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அதில் பால் வெட்டியவரோ அவர் பிள்ளையோ இப்போது அதை வாங்கி வீட்டுக்கு ஒரு சாமி மேடை செய்யலாமா என்று பார்க்கிறார்.

பார்ப்பவருக்கு இரண்டு கவலைகள். தோள் மேலே எழவில்லை, அல்லது பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை சொன்னபடி கேட்கவில்லை, அல்லது சக்கர நாற்காலியில்தான் எல்லா வேலையும். இது ஒன்று. மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது நூறோ இருநூறோ வெள்ளி என்பது மற்றொன்று. கடைக்காரரும் காணொளிகளும் இவரைத் தள்ளிவிடுவது இயந்திரத்தின் பக்கம்: ‘பவர் டூல் வாங்குங்க அங்கிள், சுலபமா இருக்கும்.’

அது பாதிதான் உண்மை. தச்சு வேலையில் உடம்பு மூன்று இடத்தில் படுத்துகிறது: தூக்கும்போது, பிடித்துக்கொண்டிருக்கும்போது, அறுக்கும்போது. இயந்திரம் உதவுவது மூன்றாவதற்கு மட்டுமே. தளர்ந்த உடம்பு முதலில் தோற்பதோ தூக்குவதிலும் பிடிப்பதிலும். ஆகவே காசும் அந்த வரிசையில்தான் செலவாக வேண்டும்.

முதலில் தூக்குவது. எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை, 18 மில்லிமீட்டர் தடிமன், ஏறக்குறைய 32 கிலோ. அதே அளவு எம்.டி.எஃப். 38 கிலோவைத் தாண்டும். ‘முழு ஷீட் வாங்கினால் சதுர அடிக்கு மலிவு’ என்பது கணக்குப்படி சரி. ஆனால் 60 சென்டிமீட்டர் உயரமும் அகலமும், 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள மேடைக்குத் தேவை ஐந்து துண்டுகள். முழு ஷீட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. மீதி கார் போர்ச்சில் நின்று மழைச் சாரலில் ஊறும். ஐந்து துண்டும் தனித்தனியே இரண்டு கிலோவுக்குள்தான். ஒற்றைக் கையால் எடுக்கலாம்.

ஆகவே பலகைக் கடையில் அளவைச் சொல்லி அறுத்து வாங்குவதே தலையாய சேமிப்பு. ஒரு வெட்டுக்கு இவ்வளவு என்று சில கடைகள் காசு கேட்கும், கேட்டாலும் கொடுக்கலாம். அந்தச் சில வெள்ளிக்கு வாங்குவது நேரான வெட்டை மட்டுமல்ல, முதுகையும்தான். அளவு எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவே மூன்று தட்டுகள் உட்காரும் என்றால், தட்டின் நீளம் 60 அல்ல, இரு பக்கத் தடிமனையும் கழித்து 56.4 சென்டிமீட்டர்.

ரப்பர் மரமா, ஒட்டுப்பலகையா? ரப்பர் மரம் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ அளவில் இருக்கும். திருகாணியை நன்றாகப் பிடிக்கும், இழைத்தால் வழவழப்பாகும், விளிம்பை மறைக்கப் பட்டை ஒட்ட வேண்டியதில்லை. இயற்கையாகப் பூச்சியைத் தாங்கும் சக்தி அதற்குக் கிடையாது. போரான் உப்பில் பதப்படுத்தித்தான் விற்பனைக்கு வருகிறது என்றாலும், ஈரத் தரையில் நேராக நிறுத்தினால் கறுத்துப்போகும். குளியலறை வாசலில் வைக்கும் செருப்பு அலமாரிக்கு அது வேண்டாம். சாமி மேடைக்கு அதுவே போதும். செங்கல் (chengal), பாலாவ் போன்ற கனமரங்கள் பெருமைக்கு நன்று. ஒரு கன மீட்டர் 900 கிலோவை ஒட்டிய செங்கல் மரத்தைத் தளர்ந்த மணிக்கட்டால் துளையிட முயல்வது வீண் வேதனை.

இலவசமாகக் கிடைக்கும் சரக்குத் தட்டுகளை, அதாவது பேலட் மரத்தை, பலரும் பரிந்துரைக்கிறார்கள். தட்டில் ‘எச்.டி.’ முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. முத்திரை சரியாக இருந்தாலும் முறுக்காணிகளை நெம்பி எடுக்கக் கடப்பாரையும் இரண்டு நல்ல தோளும் வேண்டும். முழு உடம்புக்காரருக்கு அது இலவசம்; மற்றவருக்கு அதைவிட விலை கூடிய மரம் இல்லை. காஜாங், பாலாகோங் பக்கத்து மரச்சாமான் தொழிற்சாலைகளில் மிச்சத் துண்டு கேட்டுப் பார்ப்பது அதைவிடப் புத்திசாலித்தனம்.

அடுத்தது பிடிப்பது. இதற்கு வேலூரில் ஒரு பழைய பாடம் உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் படிக்கும் முன் லண்டனில் கட்டட வேலையும் தச்சும் பழகியவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையால் பிழைக்க வழி வேண்டுமே. நோய் குணமானாலும் வேலை கொடுக்க அப்போது ஆளில்லை. 1950களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு கல்லூரி வளாகத்தில் எழுந்தது. அங்கே அவர்கள் தச்சு பழகினார்கள், மரப்பொம்மைகள் செய்தார்கள். பிராண்டின் தச்சுப் பழக்கம் அப்போது நோயாளிகளுக்குப் பயன்பட்டது.

அங்கே தெரிந்துகொண்ட ஒன்று செமினிக்கும் பொருந்தும். உணர்ச்சி மரத்த கை, கருவியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அதற்குத் தெரிவதில்லை. மெல்லிய பிடியாக இருந்தால் அழுத்தம் முழுவதும் ஒரே இடத்தில் விழுந்து தோல் கிழியும். வலி இல்லாததால் ஆள் வேலையை நிறுத்த மாட்டார். புண்ணுக்குக் காரணம் நோயின் ‘அழுகல்’ அல்ல, நாள்தோறும் நடக்கும் இந்தச் சிறு காயங்கள் என்று பிராண்ட் காட்டினார். பிடிகளைத் தடிப்பாக்கு, வழவழப்பாக்கு, வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார்த்துச் சோதி என்பது அங்கே பழக்கமாயிற்று. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, அதே அறிவை நீரிழிவுக்காரர்களின் மரத்த கால்களுக்கும் பயன்படுத்தினார்.

நீரிழிவு என்றதும் மலேசியத் தமிழர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நீரிழிவோடு சேர்ந்து வருபவை தோள் இறுகுவது, விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது, கைவிரல் மரத்துப்போவது. தச்சு வேலைக்கு வேண்டிய இடங்களாகவே பார்த்துப் பிடிக்கும் நோய் அது. பிடியைத் தடிப்பாக்க விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். ஏர்கோன் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரைக்குழலை ஒரு சாண் வெட்டித் திருப்புளியிலும் ரம்பப் பிடியிலும் மாட்டினால் போதும். பழைய சைக்கிள் டியூபும் ஆகும்.

பிடிக்கும் கை போதாதபோது கிளாம்ப் அந்தக் கையாகிறது. சிறிய கிளாம்ப் இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். முதலில் வாங்க வேண்டிய சாமான் இதுதான், அதுவும் இரண்டு. இதில் எது வாங்குவது என்பது கையைப் பொறுத்தது. எஃப் வடிவக் கிளாம்ப் மலிவு, இறுக்கம் அதிகம். ஆனால் மணிக்கட்டைத் திருக வேண்டும். மூட்டுவாதத்தால் மணிக்கட்டு வலிக்கிறவர், குறுக்குக் கம்பி வைத்த பிடியாகத் தேடினால் உள்ளங்கையால் தள்ளித் திருகலாம். விசை வைத்த கிளாம்பை ஒரே கையால் தள்ளி வைத்து அமுக்கி இறுக்கலாம். பக்கவாதம் கண்டவருக்கு அதுவே நல்லது. விரல்கள் வீங்கியவருக்கு அந்த விசையே எதிரி. மூன்றாவது, நெம்புகோல் கிளாம்ப்: மேசையில் நிலையாகத் திருகி வைத்துவிட்டு, உள்ளங்கையால் ஒரே அழுத்து. விரலும் வேண்டாம், மணிக்கட்டும் வேண்டாம். ஒரே தடிமன் பலகைக்குத்தான் ஒத்துவரும் என்பது அதன் குறை. கடையில் நின்று கையில் எடுத்து அமுக்கிப் பார்க்காமல் இணையத்தில் வாங்குவது இந்த ஒரு சாமானுக்குக் கூடாது.

மேசை? பழைய தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்கள் மாடியிலோ ஸ்டோரிலோ கிடந்தால் அதிர்ஷ்டம். கனம், ஆடாது, உயரம் உட்கார்ந்து வேலை செய்ய ஏற்றது. சக்கர நாற்காலிக்காரருக்கு மிதிபலகை காலில் இடிக்கும். அவருக்கு 70 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் அடி காலியான மேசை வேண்டும்.

அறுப்பதில் எஞ்சுவது கொஞ்சம்தான், பெரிய வெட்டெல்லாம் கடையில் முடிந்துவிட்டதால். மூலை வெட்டவும் ஒரு துண்டைக் குறைக்கவும் ஜப்பானிய இழுப்பு ரம்பம் ஒன்று போதும். நம்மூர் ரம்பம் தள்ளும்போது அறுக்கும், இது இழுக்கும்போது. இழுக்கிற அலகு வளையாது என்பதால் மெல்லியதாகச் செய்கிறார்கள். மெல்லிய அலகு குறைந்த மரத்தைத் தின்னும், குறைந்த பலம் கேட்கும். சக்கர நாற்காலியில் தள்ளினால் நாற்காலி பின்னால் போகும், இழுத்தால் ஆள் மேசையோடு ஒட்டுவார்.

ஜிக்சா எடை இரண்டு கிலோ என்றாலும் பலகை மேல் படுத்தே ஓடும், தூக்க வேண்டியதில்லை. தொந்தரவு அதிர்வு. ஐரோப்பிய விதிப்படி, எட்டு மணி நேரச் சராசரி அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். ஓடும் நேரத்தில் பல ஜிக்சாக்கள் அதைவிடக் கூடுதலாக உதறுகின்றன. வீட்டு வேலை நிமிடக் கணக்கு என்பதால் ஆரோக்கியமான கைக்குப் பயமில்லை. விரல் ஏற்கெனவே மரத்திருந்தால் விட்டுவிடலாம். ஆங்கிள் கிரைண்டரில் மர அலகு மாட்டி அறுப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது மரத்தில் சிக்கி எகிறும்போது இரண்டு பலமான கைகளே தோற்கின்றன.

இணைப்பதில் சுத்தியலுக்கும் ஆணிக்கும் இங்கே இடம் குறைவு. ஒவ்வொரு அடியும் முழங்கைவரை போகிறது. வெள்ளைக் கோந்து தடவி, கிளாம்பில் இறுக்கி, திருகாணி போடுவது மேல். அதற்கு என்ன வாங்குவது? மின்கம்பியுள்ள துளைக்கருவி விலை குறைவு. ஆனால் கைத்தடி வைத்து நடப்பவரின் காலடியில் கம்பி ஒரு கண்ணி. 18 வோல்ட் பேட்டரிக் கருவி ஒன்றரை முதல் இரண்டு கிலோ, திருகாணி இறுகும் நொடியில் மணிக்கட்டைத் திருப்பிவிடும். 12 வோல்ட்டில் பலம் குறைவு, எடை ஒரு கிலோவை ஒட்டித்தான். சாமி மேடைக்குத் தாராளம். இன்னொன்றும் உண்டு: இம்பேக்ட் டிரைவர். சிறு சிறு தட்டல்களாகத் திருகுவதால் மணிக்கட்டில் முறுக்கு குறைவாகவே விழும். அறுகோணக் காம்புள்ள முனைகளை ஒரே கையால் செருகலாம். சத்தம் காதைக் கிழிக்கும், காதடைப்பான் வேண்டும். பலவீனமான மணிக்கட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்கக் காசிருந்தால் இதையே வாங்கலாம். பயன்படுத்திய கருவியை மலிவாகத் தேடுபவர் பேட்டரியைச் சோதித்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும். செத்த பேட்டரிக்கு மாற்று வாங்கினால் புதுக்கருவியின் விலையை நெருங்கிவிடும்.

ரப்பர் மரத்தில் 4 மில்லிமீட்டர் திருகாணிக்கு 3 மில்லிமீட்டர் துளை முன்கூட்டியே போட வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு பிளக்கும். ஆறு முனை நட்சத்திரத் தலைத் திருகாணி கொஞ்சம் விலை கூட, ஆனால் முனை வழுக்காது. அழுத்திப் பிடிக்கும் பலம் மிச்சம்.

கண் மங்கியவர் அளவுநாடாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆசாரிகள் முழக்கோல் வைத்திருந்ததுபோல், தட்டு வர வேண்டிய உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டால், அதை முட்டக் கொடுத்தே ஒவ்வொரு தட்டையும் நிறுத்தலாம். எண்ணைப் படிக்கவே தேவையில்லை.

உப்புத்தாள் தேய்ப்பதைக் கார் போர்ச்சில், முகக்கவசத்தோடு செய்ய வேண்டும். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பூச்சுக்கு நீரில் கரையும் வார்னிஷ். நெடி குறைவு, தூரிகையைக் குழாயடியில் கழுவலாம்.

கடைசித் தேர்வு மேடையைச் சுவரில் மாட்டுவதா, தரையில் நிறுத்துவதா என்பது. வரிசை வீட்டுச் செங்கல் சுவரில் துளையிடச் சுத்தியல் வகைத் துளைக்கருவி வேண்டும். தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் தள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தச் சமாளிப்பும் அங்கே உதவாது. கீழே நான்கு கால் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் உடைந்த தரை ஓட்டுத் துண்டை ஒட்டி ஈரத்திலிருந்து தூக்கிவிட்டால் பத்து கிலோ மேடை தானாகவே நிற்கும். சுவரில்தான் வேண்டும் என்று வீட்டுக்காரம்மா பிடிவாதம் பிடித்தால், அந்த நான்கு துளைக்கு மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடலாம். கருவியை அவரே கொண்டுவந்துவிடுவார்.