பேத்திக்கு அம்பிகா என்று பெயர்

கேள்வி: பேத்திக்கு 'அம்பிகா' என்று பெயர் வைக்க ஆசை. பழைய பெயர் என்கிறாள் மருமகள். அதற்கு என்ன பொருள்? (ஒரு வாசகி, ஆரணி)

பதில்: வடமொழியில் 'அம்பா' என்றால் அம்மா. அதன் செல்ல வடிவம்தான் 'அம்பிகா'. பேத்தியை 'என்னைப் பெத்த தாயே' என்று கொஞ்சுவீர்களே, கிட்டத்தட்ட அதேதான்! பார்வதிக்கும் இந்தப் பெயர் உண்டு. மகாபாரதத்தில் திருதராட்டிரனைப் பெற்றவளும் அம்பிகாவே. சமணத்திலும் ஓர் அம்பிகா உண்டு. தீர்த்தங்கரர் நேமிநாதரின் யட்சி, அதாவது காவல் தெய்வம், அவள். தமிழ்ச் சமணர்களுக்குத் தருமதேவி. சிங்கம், மாங்கொத்து, இரண்டு பிள்ளைகள் ஆகியவை அடையாளம். உங்கள் பக்கத்துத் திருமலையில் சுமார் 16 அடி உயர நேமிநாதர் நிற்கிறார். அங்கே தருமதேவி சிற்பமும் உண்டு. மருமகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அப்புறம் பெயர் வைக்கலாம்.