தேவாரத்து அடுப்பில் காய்கறிக் கீஷ்: கேள்வி-பதில்

கேள்வி: பிரெஞ்சுப் பலகாரமான காய்கறிக் கீஷை, கடையில் விற்கும் மாவுத் தாளை வாங்காமல், வீட்டிலேயே மாவு பிசைந்து செய்து பார்க்க வேண்டும் என்று என் மகள் ஆசைப்பட்டாள். மைதாவில் வெண்ணெய் சேர்த்து நன்றாக அடித்துப் பிசைந்து, தட்டில் பரப்பி, முட்டை, பால், காய்கறி எல்லாம் ஊற்றி ஓவனில் வைத்தோம். ஓரம் சுருங்கிக் கீழே இறங்கிவிட்டது. அடி மாவு வேகாமல் களியாக நின்றது. மேலே முட்டை திரிந்து தண்ணீர் விட்டுவிட்டது. எங்கள் ஊர் வெயிலுக்கு இந்த மாவு வரவே வராதா? இங்கே கிடைக்கிற காய்களைப் போட்டுச் செய்யலாமா? வீட்டில் ஓவன் இல்லாத என் தங்கைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
(ஒரு வாசகி, தேவாரம்)

பதில்: சகோதரி, தாங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளும் பார்வைக்கு வெவ்வேறாகத் தோன்றினாலும், மாவில் வேண்டாத இடத்தில் புகுந்த தண்ணீர், காயிலிருந்து வெளியேறாமல் தங்கிய தண்ணீர், அளவு மீறிய உஷ்ணத்தால் முட்டையிலிருந்து பிழியப்பட்ட தண்ணீர் என்று மூன்றுக்கும் மூலம் ஒன்றேயாதலால், தண்ணீரை எங்கே அனுமதிப்பது, எங்கே தடுப்பது என்ற ஒரே விஷயத்தில் கவனம் வைத்தால் இந்தப் பதார்த்தம் தங்களுக்கு வசப்பட்டுவிடும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

கீஷ் என்பது பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கு எல்லையிலுள்ள லொரேன் என்னும் பிரதேசத்துக்கு உரியது. ஆதியில் அங்குள்ளவர்கள் ரொட்டி மாவையே அடியில் பரப்பி, அதன்மேல் முட்டையும் பாலேடும் பன்றி இறைச்சித் துண்டுகளும் சேர்த்துச் சுட்டார்கள். வெண்ணெய் கலந்த உதிரி மாவும், பாற்கட்டியும், காய்கறியும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. 1954 நவம்பர் 1ஆம் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி நமக்கு அண்டையில் இருப்பதால், இது தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அந்நியமான பண்டம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இதன் மேலோட்டுக்கு வேண்டிய கைப்பக்குவத்தைக் கற்கத் தாங்கள் புதுச்சேரி வரைகூடப் போக வேண்டியதில்லை. தீபாவளிக்குச் சோமாசியும் தட்டையும் செய்கிற எந்த வீட்டிலும் அந்தப் பக்குவம் ஏற்கெனவே இருக்கிறது.

சோமாசிக்கு மாவு சேர்க்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தண்ணீரைத் தொடுவதில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். நெய்யை மாவில் விட்டு, விரல் நுனியால் பிசறி, கையில் பிடித்தால் பிடிபடவும் விட்டால் உதிரவும் கூடிய பதம் வந்த பிறகே தண்ணீரைத் தெளிக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. கோதுமையிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து, கையின் அழுத்தத்தையும் பெறும்போது, இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதுமான ஒரு பசையாக மாறுகிறது. பரோட்டாவுக்கு மாவை அடித்து ஊறவைப்பது இந்தப் பசையை வளர்ப்பதற்காகவே. கீஷின் ஓட்டுக்கு வேண்டியதோ இதற்கு நேர் விரோதமானது. கொழுப்பு முந்திச் சென்று மாவுத் துகளைப் போர்த்திவிட்டால், பின்னால் வரும் தண்ணீர் புரதத்தை எளிதில் அடைய முடியாமல் போகிறது. அதனால் ஓடு வாயில் வைத்தவுடன் பொருபொருவென்று உதிர்கிறது. தாங்கள் 'நன்றாக அடித்துப் பிசைந்து' என்று எழுதியிருக்கிறீர்களே, ஓரம் சுருங்கியதற்கு அந்த உழைப்பே காரணம்.

20 சென்டிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தட்டுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீர் மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி போதும். கடை வெண்ணெய் உப்புச் சேர்ந்ததாயின் மாவில் வேறு உப்பு வேண்டாம். தயிர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெய் கிடைத்தால் அதைவிட மேலானது வேறில்லை; ஆனால் கடை வெண்ணெயில் 100 கிராமுக்கு 80 கிராமுக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க, வீட்டு வெண்ணெயில் மோரும் நீரும் அதிகம் தங்கியிருக்குமாதலால், அதைக் குளிர்ந்த நீரில் அலசி, அழுத்திப் பிழிந்து, மீண்டும் இறுகவைத்த பிறகே எடைபோட வேண்டும். நெய்தான் இருக்கிறது என்றால் அதுவும் ஆகும். நெய்யில் தண்ணீரே இல்லாததால் 80 கிராம் போதும், அதையும் உறையவைத்தே சேர்க்க வேண்டும். பாதி மைதாவுக்குப் பதிலாகச் சலித்த கோதுமை மாவைச் சேர்த்தால் நிறமும் மணமும் கூடும். தண்ணீர் ஒரு கரண்டி அதிகம் பிடிக்கும்.

இனித் தங்கள் ஊர் வெயிலைப் பற்றி. வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் போனால் உருகத் தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் தேவாரத்தில் நண்பகல் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. ஆகவே நடுப்பகலில் இந்த மாவைத் தொட்டால், துகளைப் போர்த்த வேண்டிய வெண்ணெய் எண்ணெயாக உருகி மாவுக்குள் இறங்கிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்கு மலையின் காற்று இறங்கி ஊர் குளிர்ந்திருக்கும் விடியற்காலை தங்கள் வசம் இருக்கிறது. முந்தின இரவே மைதாவையும் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் எழுந்ததும், உள்ளங்கை படாமல், விரல் நுனியால் மட்டும் வெண்ணெய்த் துண்டுகளை மாவில் பிசறி, ரவை போல் ஆனதும் தண்ணீரைத் தெளித்து, பிசையாமல் ஒன்றுகூட்டி உருண்டையாக்கி, தட்டையாக அழுத்தி, மூடி, அரை மணி நேரம் மறுபடியும் குளிரில் வைத்துவிடுங்கள். இந்த அரை மணி நேரத்தை ஒருபோதும் குறைக்க வேண்டாம்: வெண்ணெய் இறுகுவதும், கைபட்டு முறுகிய பசை இளகுவதும் அப்போதுதான் நிகழ்கின்றன.

பிறகு சப்பாத்திக் கட்டையில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, குழவியில் சுருட்டி எடுத்துத் தட்டின்மேல் விரித்து, மூலைகளில் இழுக்காமல் மெல்ல உள்ளே இறக்க வேண்டும். இழுத்து நிரப்பிய மாவு வேகும்போது பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஓரத்தில் சிறிது மாவு வெளியே தொங்குமாறு விட்டு, வெந்தபின் கத்தியால் சீவிக்கொள்வது உத்தமம். முள்கரண்டியால் அடியைக் குத்தி, மேலே காகிதம் பரப்பி, அதன்மேல் காய்ந்த மொச்சையைத் தட்டு நிறையக் கொட்டி, 190 டிகிரி உஷ்ணத்தில் 15 நிமிஷம் சுட்டு, மொச்சையையும் காகிதத்தையும் எடுத்துவிட்டு, அடி வெளிறிய பொன்னிறம் அடையும் வரை இன்னும் எட்டுப் பத்து நிமிஷம் சுடுங்கள். இந்த முன்வேக்காட்டைத் தாங்கள் விட்டுவிட்டதாகத் தெரிகிறது; பச்சை மாவின்மேல் பாலை ஊற்றினால் அது களியாவதைத் தவிர வேறு கதியில்லை. சுட்ட ஓட்டின் உட்புறத்தில் சிறிது முட்டை வெள்ளைக்கருவைத் தடவி இரண்டு நிமிஷம் சூடு காட்டினால், துளைகள் அடைபட்டு ஓடு ஈரம் தாங்கும். அந்த மொச்சையைச் சமையலுக்குப் பயன்படுத்தாமல் ஒரு டப்பாவில் போட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறி விஷயத்தில் எனக்குச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை. கீஷ் என்றதும் புரோக்கோலிக்கும் வண்ணக் குடைமிளகாய்க்கும் தேனிக்கு ஆள் அனுப்பும் வழக்கம் சில வீடுகளில் பரவி வருகிறது. காலையில் பறித்த முருங்கைக்கீரையும் கத்திரிக்காயும் சின்ன வெங்காயமும் வாசலுக்கு வரும் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு, எங்கோ பறித்து நாள்பட்டு வந்த காயைத் தேடுவது நியாயமாகப் படவில்லை. கோடைக்கானலிலிருந்தும் வட்டவடைப் பக்கத்திலிருந்தும் இறங்கி வரும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோசும் தங்களுக்கு அண்டையில் விளைந்தவையே. எதை எடுத்தாலும், அதன் நீரை அறிந்து எடுக்க வேண்டும். தக்காளி, கத்திரி, முட்டைக்கோசு ஆகியவற்றில் 100 பங்குக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். பச்சையாக அவற்றை ஓட்டில் இட்டால் அத்தனை நீரும் வேகும்போது வெளியேறிப் பாலோடு கலந்து, முட்டையை உறையவிடாமல் செய்து, அடியையும் ஊறவைத்துவிடும்.

ஆகையால் சின்ன வெங்காயம் 150 கிராமை நீளவாக்கில் அரிந்து, ஒரு கரண்டி நெய்யில், மிதமான தீயில், அவசரமின்றி, நீர் முழுதும் வற்றித் தேன் நிறம் வரும் வரை வதக்குங்கள். கீஷின் ருசிக்கு ஆதாரம் இதுவே. கத்திரிக்காயைச் சிறு துண்டுகளாக்கி உப்புப் பிசறி 20 நிமிஷம் வைத்து, துணியில் பிழிந்து, பின்பு வதக்க வேண்டும். தக்காளியின் விதையையும் சாற்றையும் நீக்கிச் சதையை மட்டும் சேர்க்கலாம். முருங்கைக்கீரையைக் காம்பு நீக்கி, தண்ணீர் தெளிக்காமல், வெங்காயத்தின் சூட்டிலேயே புரட்டினால் போதும். கேரட்டும் பீன்ஸும் ஆவியில் அரைவேக்காடாக்கி, துணியில் பரப்பி ஈரம் போக்கிய பின் சேர்க்கத் தக்கவை. பீட்ரூட் வேண்டாம், பால் முழுவதும் சிவந்துவிடும். வெந்து ஆறிய காய் மொத்தத்தில் 300 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான காயைப் பாலில் கொட்டுவதும் கூடாது.

மூன்று முட்டைக்கு 200 மில்லிலிட்டர் காய்ச்சி ஆறிய கெட்டிப் பால், இரண்டு மேசைக்கரண்டி பாலேடு, உப்பு, போடி மிளகின் பொடி, இடுக்கி மலையில் விளையும் ஜாதிக்காயைச் சிறிது உரசிய தூள் ஆகியவற்றை நுரை எழும்பாமல் கலக்கி, வடிகட்டிக்கொள்ளுங்கள். கோடைக்கானலில் செய்யப்படும் பாற்கட்டி கிடைத்தால் 50 கிராம் துருவி ஓட்டின் அடியில் தூவி, அதன்மேல் காயைப் பரப்பி, பாலை ஊற்றி, 170 டிகிரியில் 35 நிமிஷம் வரை வைக்கலாம். பாலில் கலந்த முட்டை 80 டிகிரியை ஒட்டி மிருதுவாக உறைகிறது. அதற்கு மேல் சில டிகிரி கூடினாலும் புரதம் இறுகிச் சுருங்கி, தன்னுள் பிடித்துவைத்திருந்த நீரைக் கக்கிவிடுகிறது. தாங்கள் மேலே கண்ட தண்ணீர் இப்படி வந்ததுதான். நடுப்பகுதி இன்னும் லேசாக அசையும்போதே எடுத்துவிடுங்கள். மீதி வேக்காட்டை உள்ளே இருக்கும் சூடு முடித்துவிடும். 20 நிமிஷம் ஆறிய பிறகே கத்தி வைக்க வேண்டும்.

தங்களுடைய தங்கையார் கனத்த அடியுள்ள பெரிய பாத்திரத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, நடுவில் ஒரு சிறு தாங்கி வைத்து, மூடி, 15 நிமிஷம் மிதமான தீயில் சூடாக்கிக்கொள்ளலாம். பழைய குக்கரைப் பயன்படுத்தினால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தட்டை உள்ளே வைத்து வெறும் ஓட்டை 25 நிமிஷமும், நிரப்பிய பிறகு தீயைக் குறைத்து 40 நிமிஷத்துக்குச் சற்று மேலும் விட வேண்டியிருக்கும். மேல்புறம் ஓவனில் போலச் சிவக்காது. மூடியின் உட்புறத்தில் ஒரு துணியைக் கட்டி ஆவி நீர் சொட்டாமல் தடுத்துவிட்டால், ருசியில் பெரிய குறை இராது. துணியின் நுனி தீயில் படாதபடி மூடியின்மேல் முடிந்துவைப்பது அவசியம்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. முட்டை இல்லாமல் இதைச் செய்தால் கெட்டிப்படுமா?
(ஒரு வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: கெட்டிப்படும். முட்டையின் வேலையைக் கடலை மாவு ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதைப் பச்சையாகப் பாலில் கலந்து ஊற்றினால் அடியில் தங்கிப் பச்சை வாசனை அடிக்கும். 75 கிராம் கடலை மாவை 50 மில்லிலிட்டர் புளிக்காத தயிரிலும் 300 மில்லிலிட்டர் பாலிலும் கட்டியின்றிக் கரைத்து, உப்பும் மிளகும் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கூழ்ப்பதம் வந்து பச்சை வாசனை நீங்கியதும் இறக்குங்கள். 100 கிராம் பன்னீரை உதிர்த்து இதில் கலந்து, வதக்கிய காய்களோடு முன்வேக்காடு முடிந்த ஓட்டில் நிரப்பி, 180 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம். ஓட்டின் உட்புறத்தில் வெள்ளைக்கருவுக்குப் பதிலாக உருக்கிய நெய்யை மெல்லியதாகத் தடவுவது போதுமானது. முட்டையிட்ட கீஷின் நெகிழ்ச்சி இதில் வாராது. ஆயினும் கடலை மாவும் சின்ன வெங்காயமும் சேர்ந்த மணம் நம் நாவுக்கு நெருக்கமானது, சூடு முற்றிலும் ஆறியபின் துண்டு போட்டால் சற்றும் உடையாமல் வரும்.

கேள்வி: காலையில் செய்ததை மாலை வரை வெளியே வைக்கலாமா? மீண்டும் எப்படிச் சூடாக்குவது?
(ஒரு வாசகி, சின்னமனூர்)

பதில்: வைக்க வேண்டாம். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் நம் வெயிலில் சீக்கிரம் கெடும். சூட்டிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அங்கே இரண்டு நாள் நன்றாக இருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓடு நமத்துவிடுமாதலால், கனத்த தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, துண்டுகளை அடிப்பக்கம் படுமாறு அடுக்கி, மூடாமல் பத்து நிமிஷம் விடுங்கள். ஓடு மொறுமொறுப்பைத் திரும்பப் பெற்ற பிறகு இரண்டு நிமிஷம் மட்டும் மூடிவைத்தால் மேல்பகுதியும் சூடேறிவிடும்.