திண்ணையில் ஏறியவர்கள்

அன்புள்ள செல்விக்கு,

உங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு ஊர்ப் பள்ளிக்கூட வரலாற்றை எழுதும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று தெரிந்து சந்தோஷம். வாசலில் உள்ள கல்வெட்டின் ஆண்டிலிருந்து தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கும் முன்னாலிருந்து தொடங்கு. நம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் கட்டடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பள்ளிக்கூடம் இருந்தது. அது திண்ணையில் நடந்தது.

இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை, இதற்குக் கணக்கு இருக்கிறது. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ (தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்) 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்துப் பார்த்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஜனத்தொகையோ சுமார் 1 கோடியே 28 லட்சம். அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெரும்பாலானவை ஊர்க்காரர்களே செலவு செய்து நடத்தியவை.

வசதியுள்ள ஒரு வீட்டின் திண்ணை, ஒரு வாத்தியார், அவ்வளவுதான். சம்பளம் நெல்லும் கொஞ்சம் காசும். நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாடிக் காசு வாங்கி வந்து வாத்தியாரிடம் கொடுப்பார்கள். முதலில் மணலில் விரலால் எழுத்து, கை படிந்த பிறகு ஓலையில் எழுத்தாணி. வாத்தியார் ஒருவரால் எல்லோரையும் பார்க்க முடியாது என்பதால் மூத்த பையன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்தியபோது, நம்மவர் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பையன்களைக் கொண்டே பையன்களுக்குப் பாடம் சொல்லும் முறையையும் நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே இன்றும் ஒரு பள்ளி இருக்கிறது.

பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில் ஒரு வேடிக்கை உண்டு. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவனுக்குச் சுழி, பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவனுக்கு ஒவ்வொன்று கூடும். கடைசியில் வந்தவன் கதியை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நீ நிதானமாக எழுத வேண்டிய இடம் பாடம்தான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எல்லாம் உண்டு. ஆனால் ஊர் காசு கொடுத்தது கணக்குக்காக. எண்சுவடியை மனப்பாடம் செய்வார்கள், பின்னம் 1/320 வரை இறங்கும். அதற்கு முந்திரி என்று பெயர். நெல் இலக்கத்தில் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று ஏறிக் குறுணி, பதக்கு, தூணி, கலம் வரை போவார்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். குழிமாற்று தெரிந்த பையன் வயலின் நீள அகலத்தைச் சொன்னால் எத்தனை குழி என்று மனதிலேயே போட்டுவிடுவான். களத்துமேட்டுக்கும் கடைக்கும் கணக்கப்பிள்ளை வேலைக்கும் நேராக வழிவிட்ட படிப்பு அது. நம் காலத்துப் பாடத்திட்டத்துக்கு அந்த நெருக்கம் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அதே களத்துமேட்டில் மரக்காலுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பார். நாற்று நட்டு அறுத்து, கூலியை நெல்லாக அளந்து வாங்கியவர்கள் சேரிக்காரர்கள். அவர்களுக்குத் தெருவில் நடக்கவே தடை; திண்ணையில் எப்படி ஏறுவது? அளந்து போடுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு நெல் இலக்கம் தெரியும். அளந்து வாங்குகிறவன் பிள்ளைக்குத் தெரியாது. பெண்களின் கணக்கும் இப்படித்தான்: மன்றோவின் தொகுப்பில் 1,88,650 மாணவர்களில் பெண்கள் 4,540 பேர். ஊரே நடத்திய பள்ளி என்பதால் ஊரின் கட்டுப்பாடுகளும் சேர்ந்தே திண்ணையேறின. ‘வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்’ என்று வாட்ஸாப்பில் சுற்றும் கதை இதைச் சொல்லாது.

கெடுத்ததும் உண்மைதான், அதையும் மறைக்காதே. சீமைத் துணி வந்து நெசவாளிகள் நொடித்ததையும், பிள்ளைகளைப் படிக்கவைக்கக் குடும்பங்களிடம் வழியில்லாமல் போனதையும் அதே கேம்பெல் எழுதியிருக்கிறார். 1854க்குப் பிறகு சர்க்கார் மானியம் வந்தது. பல திண்ணைகள் அச்சுப் புத்தகத்தையும் வருகைப் பதிவேட்டையும் இன்ஸ்பெக்டரையும் ஏற்று உதவிபெறும் பள்ளிகளாயின.

திண்ணை ஏற முடியாதவர்களுக்குக் கதவு திறந்தது பெரும்பாலும் வெளியிலிருந்துதான். மிஷன் பள்ளிகள் வந்தன; 1894இல் அடையாறில் கர்னல் ஆல்காட் தலித் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார்; பிறகு சர்க்கார் பள்ளிகள் பெருகின. காமராஜர் ஆட்சியில், 1950களின் பிற்பகுதியில், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்க்காரர்கள் நிலமும் பெஞ்சும் கட்டடமும் கொடுத்தார்கள். ஊர் மறுபடி பள்ளிக்குச் செலவு செய்தது. ஆனால் யாரைச் சேர்ப்பது என்பது இப்போது ஊரின் கையில் இல்லை.

இனி உன் வேலை. தலைமையாசிரியர் அறை பீரோவில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தால் அனுமதி கேட்டுப் பார். அதில் தகப்பன் பெயர், தொழில், சாதி, சேர்ந்த தேதி, விலகிய காரணம் எல்லாம் இருக்கும். முதல் பெண்பிள்ளை எந்த ஆண்டு, காலனித் தெருவிலிருந்து முதல் பிள்ளை எந்த ஆண்டு என்று குறித்துக்கொள். ஆளின் பெயரை மலரில் போட வேண்டாம், ஆண்டு போதும். நிலம் கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கும்; மண் சுமந்தவர்களைப் பற்றி மேலத்தெருவில் மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடாதே. பழைய மையை விரலால் தொடாதே, கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பு. படிக்க முடியாத கையெழுத்தை நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா