வேலையையும் விடக் கூடாது, பட்டமும் வாங்க வேண்டும்

பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் பால் கார்னலி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1934இல் வாங்கினார். இன்று அதே பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பதை நெருங்குகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கவுன்ட்டி சுகாதாரத் துறையில் தாய்சேய் நலப் பிரிவின் பொறுப்பாளர். சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது. பட்டம் இல்லாமல் அடுத்த பதவிக்குப் போக முடியாது.

"நீ கெட்டிக்காரி, எப்படியும் சமாளித்துவிடுவாய்" என்று சுற்றியிருப்பவர்கள் தைரியம் சொல்வார்கள். அவர் படிக்கப்போகும் துறையோ அந்தத் தைரியத்தைச் சந்தேகிக்கிறது. தென் மாநிலக் கறுப்பின ஆண்களிடம் தொற்றுநோயியலாளர் ஷெர்மன் ஜேம்ஸ் நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு வசதி குறைவாக இருந்தும் எல்லாவற்றையும் உழைத்தே வென்றுவிடலாம் என்று மல்லுக்கட்டியவர்களுக்கு இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயித்து, ஜெயித்த கையோடு செத்துப்போன நாட்டுப்புற நாயகன் ஜான் ஹென்றியின் பெயரைத்தான் அந்தக் குணத்துக்கு ஜேம்ஸ் வைத்தார். ஆகவே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதை ஒரு திட்டமாக எண்ண வேண்டாம். சேருவதற்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும்.

1. எந்தப் பட்டம் என்று முடிவுசெய்யுங்கள்

பேராசிரியராகவோ முழுநேர ஆய்வாளராகவோ ஆக விரும்புகிறவருக்கு பிஎச்.டி. துறையை நடத்த விரும்புகிறவருக்கு டி.ஆர்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முனைவர் பட்டம். இரண்டாவதற்கு அமெரிக்காவின் அங்கீகார அமைப்பான பொதுச் சுகாதாரக் கல்விக் குழு, முதுகலைக்கு மேல் குறைந்தது 36 கிரெடிட் பாடங்களையும், ஒரு நிறுவனத்துக்கு உண்மையிலேயே பயன்படும் களப்பணியையும் கேட்கிறது.

வேலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே சில இடங்களில் பாடத்திட்டம் வகுத்திருக்கிறார்கள். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலைக்கழகம் பணியிலிருக்கும் சுகாதார அலுவலர்களை ஒரே அணியாகச் சேர்த்துத் தொலைவழியில் நடத்துகிறது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பகுதிநேரமாகப் படிக்கலாம். அதே ஊரின் மோர்கன் ஸ்டேட், மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட், ஃபுளோரிடா ஏ அண்ட் எம் ஆகியவை கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்டவை. வகுப்பில் தான் ஒருத்தி மட்டுமே கறுப்பினம் என்ற நிலை அங்கே இருக்காது.

சேர்க்கை அலுவலகத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வேலை பார்த்துக்கொண்டே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? சராசரியாக எத்தனை ஆண்டு ஆயிற்று? அவர்களில் கறுப்பினப் பெண்கள் இருவரோடு பேச முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

2. மேலதிகாரியின் ஆதரவை எழுத்தில் வாங்குங்கள்

"நன்றாகப் படி, நாங்கள் இருக்கிறோம்" என்று வாயால் சொன்ன அதிகாரி அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போகலாம். ஒரு பக்கக் கடிதம் போதும். வாரத்தில் எத்தனை மணி நேரம் படிப்புக்கு விடுவார்கள், வளாக வகுப்புகளுக்குப் போகும் நாட்கள் விடுப்பா பணிநாளா, துறையின் தரவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, முடிவுகளை வெளியிட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். கடைசி இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆய்வேடு எழுதி முடித்தபின் "இந்தத் தரவு எங்களுடையது" என்று ஒருவர் வந்து நின்றால் சிக்கல்.

3. கடனை முதலிலேயே கணக்குப் போடுங்கள்

கறுப்பின மாணவர்களின் கடன் பட்டம் வாங்கிய பிறகும் ஏறிக்கொண்டே போகிறது. ப்ரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளங்கலை முடிக்கும்போது வெள்ளையரைவிட அவர்களுக்கு 7,400 டாலர் கூடுதல் கடன். நான்கே ஆண்டில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட 25,000 டாலர். வட்டியும் மேற்படிப்புக் கடனும் இதற்கு முக்கியக் காரணங்கள். முனைவர் படிப்புக்கு வருகிறவர் பெரும்பாலும் அந்தப் பழைய சுமையோடுதான் வருகிறார்.

கைகொடுக்கும் வழிகள் உண்டு. நிறுவனம் தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. ஆனால் படிப்பு முடிந்து குறிப்பிட்ட காலம் அங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும். கையெழுத்துக்கு முன் படியுங்கள். ஆட்குறைப்பில் வேலை போனாலும் அந்த விதி பாயுமா என்றும் கேளுங்கள். 2025இல் கூட்டரசின் சுகாதாரத் துறை 10,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபின் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல.

அரசிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ வேலை பார்க்கிறவர், தகுதியான 120 மாதத் தவணைகளைக் கட்டினால் மீதிக் கூட்டரசுக் கடன் தள்ளுபடியாகும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ப்ளூம்பெர்க் நல்கை கிடைத்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தீரும். பதிலுக்குப் படிப்பு முடிந்தபின் தன்னை அனுப்பிய அமைப்பில் குறைந்தது ஓராண்டு பணியாற்ற வேண்டும். முன்பு மேற்படிப்பு மாணவர்கள் எளிதாக வாங்கிய கிராட் பிளஸ் என்ற கூட்டரசுக் கடனைப் புதியவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் நிறுத்தச் சட்டம் வந்துவிட்டது. பழைய மாணவர்களின் கணக்கைப் பார்த்துத் திட்டமிட வேண்டாம்.

4. அலுவலகத்தின் கேள்வியையே ஆய்வுத் தலைப்பாக்குங்கள்

பகலில் ஒரு பொருள், இரவில் வேறொரு பொருள் என்றால் இரண்டும் நிற்காது. நம் தாய்சேய் நலப் பொறுப்பாளரின் மேசையில் ஏற்கெனவே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. அமெரிக்காவில் 2023இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 50.3 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள். வெள்ளையரிடம் அது 14.5. தேசத்தின் இந்தப் பிரச்சினையைத் தன் கவுன்ட்டி அளவுக்குச் சுருக்கினால் தலைப்பு தயார்: பிரசவமான பெண்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் மூன்று வாரங்களில் அவர்களுடைய இரத்த அழுத்தத்தை யார் பார்க்கிறார்கள்?

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர்களைப் பேட்டி எடுத்தால் அவர்களால் மறுக்க முடியாது. ஆய்வு நெறிமுறைக் குழு இதைக் கட்டாயம் கேட்கும். பேட்டிக்கு வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, தலைப்புக்கும் நிதிக்கும் தொடர்பு உண்டு. கறுப்பின அறிவியலாளர்களுக்குத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் நிதி குறைவாகக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்வோடு தொடர்புடையது என்று 2019இல் ஓர் ஆய்வு கண்டது. சமூகம், மக்கள்தொகை சார்ந்த தலைப்புகளுக்கே நிதி அரிது. இதற்காகத் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. நெறியாளர் குழுவில் புள்ளியியல் வல்லுநர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் "இது வெறும் சமூகப் பணி" என்ற வாதம் எடுபடாது.

5. கூடுதல் வேலைக்கு விலை கேளுங்கள்

பன்மைத்துவக் குழு, புதிய ஊழியர் நேர்காணல், கறுப்பின மாணவிகளுக்கு ஆலோசனை என எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சிறுபான்மையினர் மீது விழும் இந்தச் சம்பளமற்ற வேலையை உளவியலாளர் அமாடோ படில்லா 1994இல் பண்பாட்டு வரி என்று அழைத்தார். முகத்தில் அடித்ததுபோல் மறுத்தால் "ஒத்துழைக்காதவர்" என்ற பெயர் வரும். ஆகவே இப்படிச் சொல்லலாம்: "சேர விருப்பம்தான். அதற்குப் பதிலாக எந்த வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வீர்கள்?" பாதி அழைப்புகள் அங்கேயே நின்றுவிடும்.

6. உடம்பையும் கால அட்டவணையில் எழுதுங்கள்

ஆய்வாளர் செரில் வுட்ஸ்-கிஸ்கோம்பே 2010இல் விவரித்த "சூப்பர்வுமன்" மனப்பாங்கின் கூறுகள் இந்தப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தும்: பலசாலியாகத் தெரிய வேண்டிய கட்டாயம், உணர்ச்சியை மறைத்தல், உதவி கேட்கத் தயக்கம், வசதியில்லாமலே ஜெயிக்கும் பிடிவாதம், பிறருக்கு உதவியே ஆக வேண்டும் என்ற பொறுப்பு.

படிப்பு மட்டும் உடம்பைக் காப்பாற்றாது. நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் தொற்றுநோயியலாளராக இருந்த, முனைவர் பட்டம் பெற்ற ஷலோன் இர்விங், குழந்தை பிறந்த சில வாரங்களில், 2017 ஜனவரியில், உயர் இரத்த அழுத்தச் சிக்கலால் இறந்தார். கல்லூரிப் படிப்பு முடித்த கறுப்பினப் பெண்களின் மகப்பேற்று இறப்பு விகிதம், அதே படிப்புள்ள வெள்ளையரைப் போல் 5.2 மடங்கு என்று அந்த மையமே 2019இல் வெளியிட்டது. ஆகவே மருத்துவர் சந்திப்புக்கும் தூக்கத்துக்கும் காலக்கெடு போட்டுத் தேதி குறியுங்கள். ஆய்வேட்டின் அத்தியாயத்துக்கு மட்டும் கெடு இருந்தால் மற்ற எல்லாம் அதற்கு இரையாகிவிடும்.

7. பதவியைப் பட்டத்துக்கு முன்பே பேசுங்கள்

ஆய்வேட்டின் கடைசி ஆண்டில் நுழைந்ததும் மேலதிகாரியோடு உட்காருங்கள். ஆய்வினால் துறைக்குக் கிடைத்த பலனை ஒரு பக்கத்தில் எழுதி, அதற்கேற்ற பதவிப் பெயரையும் சம்பளத்தையும் கேளுங்கள். அரசு அலுவலகத்தில் புதிய பதவி பட்ஜெட்டில் ஏற மாதக்கணக்காகும். பட்டமளிப்பு முடிந்து கேட்டால் வாழ்த்து கிடைக்கும். பட்ஜெட் எழுதும் முன் கேட்டால் பதவி கிடைக்க வாய்ப்புண்டு.