பிள்ளைகளின் பருவமும் நம் பொறுப்பும்

மனோதத்துவ அறிஞர் எரிக் எரிக்ஸன், 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் மனித வாழ்வை 8 பருவங்களாகப் பகுத்தார். முதல் வயதில் குழந்தை பெறவேண்டியது நம்பிக்கை. ஏறத்தாழ 6 வயது முதல் 12 வரை பெறவேண்டியது, ‘என்னாலும் முடியும்’ என்னும் ஊக்கம். அவ்வயதில் பையன் சீனி நிறுத்ததில் பிழை கண்டு, வாடிக்கைக்காரர் முன்னிலையில் நாம் ஏசினால், தாழ்வுணர்ச்சி வேரூன்றும்.

அடுத்து வருவது வாலிபம், ‘நான் யார்?’ என்று தேடும் காலம். தகப்பனார் கடையா, வேறு தொழிலா என்று அவன் தடுமாறுவது அடங்காமையன்று, வளர்ச்சியே. இதில் தெளிவு பெற்றவனே பின்னர் நல்ல கணவனாகவும் கூட்டாளியாகவும் அமைவது எளிது என்பது அவர் கருத்து.

சகோதரர்களே! கல்லாச் சாவியை மகனிடம் கொடுக்குமுன் அவன் விருப்பத்தைக் கேளுங்கள். மனமின்றி அமர்ந்தவனால் கடையும் நிலைக்காது; அவனும் நிலைக்கமாட்டான்.