காந்தட் கிழங்கு

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை நிரல்படுத்துங்கால் முதற்கண் வைத்தது காந்தளை. மலைநிலத்து மலரெனப் புலவர் போற்றும் அதனை எப்போதும்வென்றான் முதலிய கரிசற்காட்டூர்களில் வளர்த்து, அயலார்க்கும் ஈய விழைவோர் அறியவேண்டுவன சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இதனைக் கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக் கிழங்கு என்றும் உழவர் வழங்குவர். அகழ்ந்து பார்ப்பார்க்கு முன்னைப் பெயரின் பொருத்தம் விளங்கும். கிழங்கு இரு கவடாய் வளைந்து கிடக்கும். ஒவ்வொரு கவட்டின் நுனியிலும் ஒரு முளைக்கண் உண்டு. வளைவிலே பிரிப்பின் இரண்டு செடிகளாம்; நுனி முறியின் அக்கவடு வாளா அழுகும். உருளைக்கிழங்கு போல் துண்டமிட்டு நடுவார் ஏமாறுவர். உருளைக்குக் கண் பல, இதற்கோ நுனிக்கண் ஒன்றே.

விதையால் வளர்த்தல் ஆகாதோ எனின், ஆகும். ஆயின் பூக்காண ஆண்டுகள் சில காத்திருத்தல் வேண்டும். அன்றியும், சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டுப் பக்கவாட்டில் மடங்கி நிற்றலின், பிற மலரின் தாதே பெரும்பாலும் சேரும். சேய் தாயை ஒத்திராது. மருந்திற்காக விதையை விற்கும் மூலனூர், ஒட்டன்சத்திரப் பகுதி உழவர் கையாலேயே தாதூட்டுவர். கிழங்கால் வருவதோ தாயே. மேனாட்டுத் தோட்டங்களில் ஒருநாள் மட்டும் மலரும் டேலிலியில் ‘யூரோப்பா’ என்பதொன்று விதை பிடியாதது; தூரைப் பிரித்துக் கைக்குக்கை கொடுத்தமையாலேயே அஃது எங்கும் பரந்தது. அத்தனையும் ஒரே செடியென்பது வியப்பன்றோ!

கரிசல் மழைநீரை விடாது பிடித்துவைக்கும். அதிற் காந்தட் கிழங்கு அழுகும். ஆதலின் செம்மண்ணும் மணலும் கலந்து மேடிட்டு, கிழங்கைக் கிடையாக நட்டு, இலைநுனி பற்றியேறக் கொம்பும் ஊன்றுக. காய் முற்றி இலை பழுத்தபின் நீர் நிறுத்தி, உலர்ந்த மணலிற் கிழங்கை வைத்தால் அடுத்த பருவத்தில் தானே முளைவிடும்.

காட்டுவேலியிற் கண்டதை அகழ்ந்து கொணர்தல் தகாது. கிழங்கு போயின் அவ்விடத்துச் செடியும் போம். தோட்டத்திற் பெருகியதையே ஈக.

யாம் முதன்மையாகக் கருதுவது பிறிதொன்று. கிழங்கு முதல் விதைவரை காந்தள் முழுதும் நஞ்சு. கோல்ச்சிசின் என்பது அதன் பெயர். உண்ணுங் கிழங்கென மயங்கித் தின்று உயிர்நீத்தாரும் உளர். ஆகவே கொடுப்பவர் வாயாற் சொன்னால் மட்டும் போதாது. பொட்டலத்தின்மேல் ‘காந்தள், நஞ்சு’ என எழுதி, அடுக்களைப்பக்கம் வையாது அன்றே நடும்படி கூறிக் கொடுத்தல் வேண்டும்.