தலைவருக்கு அழகு

திருச்சிராப்பள்ளி கே.கே. நகருக்கு அண்மையில், நவல்பட்டில், அரசு அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்கா உள்ளது. அத்துறையில் தொழில் நடத்த விழையும் இளைஞர் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு.

பிறருடைய கணிப்பொறிகளைப் பழுதின்றிக் காப்பதும் ஒரு தொழிலாகும். மருத்துவமனையின் கணிப்பொறி நள்ளிரவில் நின்றால், நோயாளியின் குறிப்புகள் கிட்டா. ஒவ்வொரு பழுதையும் உரிமையாளரே நீக்க முற்பட்டால், அவர் உறங்கும்பொழுது தொழிலும் உறங்கும். ஆதலின், பணியாளரைத் திறமுடையராக்குவதே தலைவரின் முதற்கடமை.

ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996-இல் தொடங்கிய ஜோஹோ நிறுவனம் இதற்குச் சான்றாகும். கல்லூரிப் பட்டம் பெறாத மாணாக்கரைத் தேர்ந்து, உதவித்தொகை அளித்துப் பயிற்றும் பள்ளியை அது 2004-இல் நிறுவிற்று. அங்குப் பயின்றோர் பலர் அந்நிறுவனத்திலேயே பொறியாளராயினர். 2025 சனவரியில் வேம்பு, தலைமைப் பொறுப்பைத் தம்முடன் உழைத்த ஒருவரிடம் ஒப்படைத்து, ஆராய்ச்சியை மேற்கொண்டார். நிறுவனம் தடையின்றி இயங்குகின்றது. தாம் இல்லாதபோதும் பணி நடக்குமாறு செய்பவரே நல்ல தலைவராவார்.